வட்டும் பூட்டும்

வர்ஷினியின் கணினியை எட்டு மாதமாக நான் அணைக்கவில்லை. எங்கள் படங்கள், கடிதங்கள், அவள் குரல், எல்லாம் அதில்தான். அதன் வட்டைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தாள். ஓடும்வரை திறந்திருக்கும். அணைந்து எழுந்தால் கேட்கும். சொல்ல வேண்டியவள் உப்பல் சாலையில் ஒரு லாரியின் கீழே போய்விட்டாள்.

சென்னை மாற்றலை இரண்டு முறை மறுத்தேன். மாதத் திதியான மாசிகத்துக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. தினசரி மின்வெட்டு இரண்டு மணி நேரம், இன்வெர்ட்டர் தாங்குவது மூன்று மணி நேரம். சைனிக்புரி வீட்டில் அந்த ஒரு மணி நேர மிச்சத்துக்குள் இருந்தேன். திங்கள் முதல் வெட்டு நான்கு மணி நேரம் என்றார் லைன்மேன்.

சனிக்கிழமை செகந்திராபாத் போனேன். குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்னக் கணினி வேண்டும் என்றேன். கடைக்காரர் நூர் முகமது வாணியம்பாடிக்காரர். வெறும் பலகை போன்ற ஒன்றை எடுத்ததும் என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"அது நக்கோ சார், பசங்க வெளையாட்டுக்கு. இத பாருங்க. வட்டு உள்ளயே மாட்டலாம். இன்வெர்ட்டர்ல நாள் பூரா ஓடும். ஃபேனே இல்ல, சத்தமே வராது."

"கொஞ்சம் சத்தம் இருந்தாலும் பரவாயில்லை."

"கல்யாண மண்டபத்துலயா வெக்கப் போறீங்க?" சிரித்தார். "வீட்டுல பாபிய கேட்டுக்கினு வாங்குங்க. அப்புறம் திட்டினா என்னை சொல்லக் கூடாது."

"திட்ட மாட்டா" என்றேன்.

அலுவலகத்தில் என் வேலையே பழைய சர்வரின் வட்டை அப்படியே புதியதில் பிரதி எடுப்பது. தினமும் செய்வதையே ஞாயிறு மாலை வீட்டிலும் செய்யத் தொடங்கினேன். திங்கள் காலை அது முடிந்தபோது மின்சாரம் போய் இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. புது வட்டை மாட்டிச் சின்னக் கணினியை இயக்கினேன். கறுப்புத் திரை. கடவுச்சொல் கேட்டது.

வட்டோடு பூட்டையும் பிரதி எடுத்திருக்கிறேன். திறந்த கோப்புகளை அல்லவா நகலெடுத்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் புதியவர்களுக்கு நானே சொல்லித் தருவது இது.

பென் டிரைவைப் பழைய கணினியில் செருகினேன். சிறிய கோப்புகள் முதலில் என்று கட்டளை கொடுத்தேன். அதுவும் பழக்கம்தான். குரல் பதிவுகள் பெரியவை, வரிசையின் கடைசியில் இருந்தன. சார்ஜ் தீரப் போகிறதென்று இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது.

நிறுத்தி, குரல் முதலில் வரும்படி வரிசையை மாற்றலாம். ஆனால் திரையில் ஓடிய பெயர்களில் ஒன்றைத் திறந்துவிட்டிருந்தேன். கடைப் பட்டியல். எந்த வாரத்துடையது என்று தெரியவில்லை. புளி, பெருங்காயம், சோப்பு நாலு. கீழே எனக்கு ஒரு வரி: 'வாழைப்பூ பாத்து வாங்கு, போன தடவ மாதிரி முத்தினது வேணாம்.'

அடுத்ததைத் திறந்தேன். பால், முட்டை, கறிவேப்பிலை.