ஊர்த்தண்ணிப் பல்லு

கம்ப்யூட்டர் திரையில் மகள் வேல்விழி சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண பிளெக்ஸ் போர்டுக்கான படம். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து வழியிலேயே இறங்கி, வேல்விழி டிசைனராக வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்துக்கு நேராக வந்திருந்தாள் சோலையம்மாள். கைரேகைகளில் அலுமினியத் தூள் இன்னும் மினுங்கியது. படத்தில் பட்டும் மல்லிகையுமாக மகள் அழகாகத்தான் இருந்தாள். உதடு விரிந்த இடத்தில்தான், மேல்வரிசைப் பற்களின் குறுக்கே தேயிலைச் சாயம் இறங்கியதுபோலப் பழுப்புக் கோடுகள்.

"பல்ல மட்டும் வெள்ளையாக்கிரு தாயி. மாப்பிள்ளையோட அம்மா காலையில இருந்து போன் போட்டுக்கிட்டே இருக்காக."

வேல்விழிக்கு அது ஒரு வேலையே இல்லை. காலண்டரில் சிரிக்கும் நகைக்கடைப் பெண்கள், காதுகுத்து நடத்தும் தாய்மாமன்கள், தேர்தலில் நிற்பவர்கள் என்று எத்தனையோ பேரின் பற்களைப் பாலாக்கியவள். ஆனால் மவுஸின் மேலிருந்த கை அசையவில்லை.

"மத்தவுக கேக்காக, செஞ்சு குடுக்கேன். எனக்கு வேண்டாம்மா."

"பல்லு வெளக்காத புள்ளைன்னு ஊரு பேசும்."

"நான் வெளக்காமயா இருந்தேன்?"

உப்பு, அடுப்புக்கரி, வேப்பங்குச்சி என்று ஒன்று மாற்றி ஒன்று கொடுத்து, ஈறு கிழிந்து ரத்தம் வரும்வரை தேய்க்க வைத்தவள் சோலையம்மாள்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் அவர்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே பல்.

பல்லுக்கு மூடி போட முடியுமா என்று கேட்கத்தான் போன மாதம் இருவரும் விருதுநகரில் ஒரு பல் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். மிட்டாய் தின்று குழி விழுந்த பல்லும், புகையிலை அடக்கி வெந்துபோன கன்னமும் தினம் பார்த்துச் சலித்தவள்போல, "ஒரு சொத்தை இல்ல, ஈறுல வீக்கம் இல்ல. சின்ன வயசுல பல்லு உள்ள உருவாகும்போது குடிச்ச போர்வெல் தண்ணியில புளோரைடு கூடியிருக்கும். அதுதான் இந்தக் கோடு. தேய்ச்சா போகாது. யாருக்கும் ஒட்டாது, வம்சத்துக்கும் வராது" என்றாள். மூடி போடுவதென்றால் பல்லை இழைக்க வேண்டும் என்றதும் வேல்விழி நாற்காலியை விட்டு எழுந்தாள். "நல்ல பல்ல எதுக்கு டாக்டர் இழைக்கணும்?"

இப்போது சோலையம்மாளின் போன் அடித்தது. சம்பந்தி சுப்புத்தாய். காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த நடைக்கு வந்து எடுத்தாள்.

"மதினி, பல்லச் சரி பண்ணியாச்சா? போர்டு நிக்கப்போற ஆமத்தூர் ரோட்டுலதான் எங்க சொந்தபந்தம் பூரா போகும்." சுப்புத்தாயின் குரல் தணிந்தது. "நாளைக்குப் பேரப்புள்ளைக்கும் இப்படி வந்துருமோன்னு இங்கன ஒரு பேச்சு ஓடுது."

சம்பந்தியிடம் குனிந்தே பேசிப் பழகிய சோலையம்மாளின் முதுகு நிமிர்ந்தது.

"வராது மதினி. டாக்டரம்மா சொல்லிட்டாக. அது எங்க ஊருத் தண்ணி போட்ட கோடு. அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் என் மக படிச்சா, இன்னைக்குச் சம்பாதிக்கா. போர்டுல என் மகதான் நிப்பா. வேற ஒருத்தி பல்லு அங்கன எதுக்கு?"

"சரி, வைக்கேன்" என்று போனை வைத்தாள் சுப்புத்தாய்.

கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமோ? சோலையம்மாள் உள்ளே போனாள். மகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது.

"அப்படியே போடு தாயி. பெருசாப் போடு."

கல்யாணத்துக்கு முந்தின வாரம், ரோடு பிரியும் ஆமத்தூர் விலக்கில் போர்டு நின்றது. கம்பெனிக்குப் போகும் காலை வேனில் பெண்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். "ஏத்தா, உன் மக என்னமாச் சிரிக்கா! வெயிலே கூசுதே!" என்று கத்தினாள் ராக்காயி. அவளுக்கும் அதே பழுப்புப் பல்தான்.

போர்டுக்குக் கீழே சுப்புத்தாய் தனியாக நின்றிருந்தாள்.

"வண்டிய நிப்பாட்டுங்கண்ணே."

சோலையம்மாள் இறங்கி, சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் ரோட்டைக் கடந்தாள். சுப்புத்தாய் இன்னும் திரும்பவில்லை. நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்தபடி, அண்ணாந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.