துரும்பு கிள்ளிய வழக்கு

மலாயாவின் பொந்தியான் கோர்ட்டு வராந்தாவில் கருப்பாயிக்குக் கால் நடுங்கியது. ரப்பர் காட்டில் புலியின் உறுமலைக் கேட்டும் பால் வாளியைக் கீழே போடாதவள் அவள். ஒரு காகிதம் அவளை நடுங்க வைத்துவிட்டது. தன் பெண்டாட்டியை, இப்போது அவளோடு வாழும் அர்ச்சுனன் மயக்கிக் கூட்டிப்போனதாக அவளுடைய பழைய புருஷன் ஐயாசாமி பிராது கொடுத்திருந்தான். வேண்டாமென்று தான் விட்டவள் இன்னொருவனோடு நன்றாக வாழ்வது அவனுக்குப் பொறுக்கவில்லை. தீர்ப்பு அவன் பக்கம் போனால் அர்ச்சுனனுக்குச் சிறை. அவள் ஐயாசாமியின் தோட்ட லயத்து வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே வாங்கிய அடியில் இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

"நம்ம ஆளுங்களுக்கு இந்த ஜொகூர்ல புருஷன் பெண்டாட்டியத் தீர்த்துவிடக் காகிதம் ஒண்ணும் கிடையாதும்மா," என்றார் கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி செல்லப்பன். "சாதி வழக்கப்படி தீர்த்தாச்சுன்னு மாஜிஸ்திரேட் துவான் நம்பணும். எப்படித் தீர்த்தீங்க?"

"பஞ்சாயத்துல அவரே துரும்பைக் கிள்ளிப் போட்டு, இனிமே நீ எனக்குப் பெண்டாட்டி இல்லன்னாருங்க. நான் தாலியக் கழட்டிக் கொடுத்துட்டேன்."

"யாரு பார்த்தா?"

ஐந்து பேர் பார்த்தார்கள். ரப்பர் விலை விழுந்ததும் மூன்று பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. ஒருவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மிச்சமிருந்த கங்காணி ஐயாசாமிக்கு மச்சான். அவருக்கு எதுவுமே ஞாபகமில்லையாம். பாவம், நல்ல மனுஷன்!

சாட்சிக் கூண்டில் ஐயாசாமி கூசாமல் பேசினான். "துரும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல துவான். கட்டின தாலியோட ஓடிட்டா."

துவான் தீர்ப்பெழுதப் பேனாவை எடுத்துவிட்டார். கருப்பாயி அப்போதுதான் பின்வரிசையில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த ராஜம்மாவைப் பார்த்தாள். ஐயாசாமி போன வருஷம் கட்டிக்கொண்டவள். இருபது வயசுக்கு மேல் இராது. அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது கருப்பாயியின் தாலி.

சொன்னால் தப்பிக்கலாம். சொன்னால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன வாங்குவாள் என்பது கருப்பாயியைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பயம் அவள் வாயைத் திறந்துவிட்டது.

"துவான், என் தாலி அந்தப் பொண்ணு கழுத்துல இருக்கு. இவரு அடிச்சு உடைஞ்சுது. பின்பக்கம் ஈயம் வச்சுப் பத்தவச்சிருக்கும்."

ராஜம்மா தாலியைத் திருப்பிக் காட்டினாள். ஈயம் திரண்டு நின்றது. ஓடிப்போனவள் கொண்டுபோன தாலி இங்கே எப்படி வந்தது என்று துவான் கேட்டார். ஐயாசாமி ராஜம்மாவை முறைத்தான். தீர்த்தது தீர்த்ததுதான் என்று துவான் பிராதைத் தள்ளிவிட்டார்.

அர்ச்சுனன் அழுதேவிட்டான். படியிறங்கும்போது ராஜம்மா ஓடிவந்து கருப்பாயியின் முந்தானையைப் பிடித்தாள். ராஜம்மாவின் மணிக்கட்டு கன்றிப் போயிருந்தது.

"அக்கா, என்ன சொல்லி அவரைத் தீர்க்க வச்சீங்க?"

கருப்பாயிக்கு மறுபடியும் பயம் பிடித்தது. "நான் ஒண்ணும் சொல்லல கண்ணு. பிள்ளை இல்லைன்னு அவரே தள்ளிவிட்டாரு."

ராஜம்மா லேசாக மேடிட்டிருந்த தன் வயிற்றைத் தூக்கால் மறைத்துக்கொண்டாள். வாசலில் நின்று ஐயாசாமி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.