எனக்குக் கீழே ஒரு பொண்ணு

1

ஒரு கதைவாசிப்புக் கூட்டத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. நான் மேடையில் என் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடப்பக்கம் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் நின்று, காது கேளாத சிலருக்காக அதைக் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கிறவர்களும் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். கூட்டம் கலைந்ததும் போய்க் கேட்டேன்.

“என் கதையில எதையாவது விட்டுட்டீங்களா?”

“விடக்கூடாதுங்க. சேர்க்கவும் கூடாது. நல்லா இல்லாத இடத்த நல்லா இல்லாமத்தான் சொல்லணும்.”

எந்த இடம் என்று கேட்க வாயெடுத்தேன். தைரியம் வரவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எதையும் சேர்த்ததில்லையா என்றேன்.

“ஒரு தடவை சேர்த்துட்டேன்னு சொல்லி வழக்கே நடக்குது,” என்றார்.

கீழ்த்தளத்தில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே அவர் சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். எழுதிப் பார்க்கிறேன் என்பதே சரி. இதில் ஒரே ஒரு வாக்கியம் யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்:

மைதானம் மக்கள் வெள்ளத்தில் மிதந்தது. அலை அலையாக ரசிகர்கள்...

நிறுத்திவிட்டேன். கூட்டம் என்றாலே நமக்குத் தண்ணீர் ஞாபகம்தான். வெள்ளம், அலை, கடல். தண்ணீர் அடித்துக்கொண்டு போனால் வானத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வெள்ளத்துக்கு யாரும் டிக்கெட் விற்பதில்லை; இந்த வாசல் வழியாக வா என்று அம்புக்குறி ஒட்டுவதுமில்லை.

இரண்டாவது தொடக்கம்:

பாடகி மேடை ஏறியபோது நெரிசல் ஏற்பட்டது.

இதுவும் வேண்டாம். நம் வினைச்சொற்களிலேயே படு சமர்த்து இந்த ‘ஏற்பட்டது’. தாமதம் ஏற்பட்டது, பழுது ஏற்பட்டது, நெரிசல் ஏற்பட்டது. ஏற்படுத்தியது யாரப்பா என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டையோடு நிற்கும்.

மூன்றாவது:

காலையில் இரண்டு பேர் ஒரு தடுப்பைக் கழற்றினார்கள்.

இதில் எழுவாய் இருக்கிறது. இதிலிருந்தே போகிறேன்.

(நேரில் ‘வாங்க, போங்க’ என்று பேசிய பெண்ணைக் கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆக்கிவிடுவது நம் வழக்கம். செருப்போடு மரியாதையையும் வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் போல. இந்தக் கதையில் அவர், அவர்தான்.)

3

அது பெரிய இசைவிழா. மேடைக்கு நேர் முன்னால், இடது மூலையில், காது கேளாதவர்களுக்கென்று ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருந்தார்கள். தரையில் பலகை போட்டிருந்தது. பாட்டின் அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறும். பொதுக் கூட்டம் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் இரும்புத் தடுப்பு.

என்னிடம் இதைச் சொன்ன அந்தச் சைகை மொழிபெயர்ப்பாளர் காலையிலேயே வந்து தான் நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இரண்டு தொழிலாளிகள் வலப்பக்கத் தடுப்பின் திருகாணிகளைக் கழற்றினார்கள்.

“இத ஏன் எடுக்கறீங்க?”

“கேமரா கிரேன் திரும்ப இடம் பத்தலையாம்.”

“அப்புறம் திருப்பி வச்சிடுவீங்கல்ல?”

“வைக்கச் சொன்னா வைப்போம்.”

அவர் மேடை மேலாளரிடம் போனார். காதில் ஒலிக்கருவியும் இடுப்பில் சாவிக்கொத்துமாக அலைந்துகொண்டிருந்த மனிதர் அவர். கெட்டவர் இல்லை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். “கிரேன்காரங்க பாத்துப்பாங்க,” என்றார். கிரேன்காரர், “தடுப்பு எங்க வேலை இல்லீங்களே,” என்றார். அதற்குள் ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“நாலாவதா ஒரு ஆளக் கேட்டிருக்கலாம்,” என்று காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அதற்குமேல் அவரைத் தோண்டவில்லை.

4

மாலை வெயில் இன்னும் இருந்தது. இருட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் மேடையின் இடது ஓரத்தில், முழங்கால் உயரப் பெட்டியின்மேல் நின்றார். சுற்றி ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையைத் தாண்டக்கூடாது என்பது ஒப்பந்தம். கிரேன் கேமரா பாடகியைப் பார்த்தது. கூட்டத்தின் கைபேசிகளெல்லாம் பாடகியைப் பார்த்தன. அந்த மைதானத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பதையே தொழிலாகக் கொண்டவர் இவர் ஒருத்தர்தான்.

பாடகி எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பாட்டை எடுத்தார். (வரியை நானே எழுதினேன்: ‘நீதான் என் மூச்சு, வேறென்ன பேச்சு.’ மோசம்தான். இதைவிட நன்றாக எழுதினால் கூட்டம் சேர்ந்து பாடாது.)

முதல் வரிசையில் ஒரு பேக்கரிக்காரர் நின்றார். பிறவியிலேயே காது கேளாதவர், மாவு பிசைந்து திரண்ட தோள்காரர். ‘மூச்சு’ என்று மொழிபெயர்ப்பாளர் உள்ளங்கையை நெஞ்சருகே ஏற்றி இறக்கியதும், அவரும் அதையே செய்தார். கூடவே பாடுகிறார் என்று இவருக்குச் சந்தோஷம். பாட்டு ‘பேச்சு’க்குப் போனது. பேக்கரிக்காரர் இன்னும் ‘மூச்சு’லேயே இருந்தார். தாளம் விட்டுவிட்டார், பாவம் என்று இவர் நினைத்தார்.

அவர் ஒரு கையால்தான் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு கையைக் காணோம். அந்த ஒற்றைக் கை தலைக்குமேல் எழும்பித் திரும்பியது.

மூச்சு. இல்லை.

அப்போதுதான் இவர் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. தடுப்பு இருந்த வலப்பக்கம் வழியாகக் கூட்டம் உள்ளே இறங்கியிருந்தது. யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுகுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? பேக்கரிக்காரரைச் சுற்றி எத்தனையோ வாய்கள் திறந்திருந்தன. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் யார் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. சத்தமே தேவைப்படாத ஒருவர் சொன்னது மட்டும்தான் மேடைக்கு வந்து சேர்ந்தது.

5

இவர் கைகளைத் தொங்கவிட்டார். மேடை மேலாளர் திரைமறைவிலிருந்து ‘ஏன் நிறுத்திட்டீங்க’ என்று சைகை காட்டினார். இவர் ஓடிப்போய் அவர் காதில் கத்தினார்.

“பாட்ட நிறுத்துங்க. முன்னாடி நசுங்கறாங்க.”

“இந்தப் பாட்டு முடியட்டும்.”

“அதுவரைக்கும் தாங்காது.”

“யார் சொன்னது?”

“அவர் சொல்றார்.”

“எவர்?”

இவர் அத்தனை ஆயிரம் தலைக்குள் விரலை நீட்டினார். மேலாளர் பார்த்தார். “கட்டுப்பாட்டு அறையில கேட்டுச் சொல்றேன்,” என்று காதிலிருந்த கருவியை அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.

இவர் மஞ்சள் பட்டையைத் தாண்டி நடந்தார்.

பாடகி இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தன்னோடு ஆட வருகிறார் என்று நினைத்து, தோளில் கைபோட்டு அணைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்து, இன்னும் ஒரு அடி முன்னால் வந்தது. (இந்த ஒரு அடியை எழுதும்போது என் கை கூசியது. ஆனால் நடந்தது அதுதான்.) பிறகு பாடகி, ‘ஏதாவது சொல்லு’ என்கிற மாதிரி மைக்கை இவர் வாயருகே சாய்த்தார்.

இவர் சொன்னார்:

“எனக்கு மூச்சு விட முடியல. ஒரு கை மாட்டிக்கிச்சு. எனக்குக் கீழ ஒரு பொண்ணு இருக்கா.”

*

இங்கே ஓர் அடிக்குறிப்பு தேவை. மொழிபெயர்ப்பாளர்கள் ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்வதில்லை. ‘எனக்கு வலிக்கிறது’ என்றே சொல்வார்கள். வார்த்தை யாருடையதோ, ‘நான்’ அவருடையது. நம் மொழிபெயர்ப்பாளரின் அப்பா அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காது. சின்ன வயதில் அம்மாவோடு டாக்டரிடம் போய், “எனக்கு வயித்துல வலி, ரெண்டு பிரசவத்துக்கு அப்புறம்தான் இப்படி,” என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் குழந்தையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

*

மைதானத்திலும் அப்படித்தான். நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிற பெண் மூச்சு முட்டுகிறது என்கிறாரே என்று சிலர் சிரித்தார்கள். பாடகி மட்டும் இவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார். நீட்டிய விரலின் வழியே கீழே பார்த்தார். கையை உயர்த்தி வாத்தியங்களை நிறுத்தினார்.

“முன்னாடி இருக்கறவங்க கொஞ்சம் பின்னாடி போங்க.”

ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்குப் பின்னாடி என்று ஒன்று இல்லை.

“கடைசியில இருந்து,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “கடைசியில நிக்கறவங்க முதல்ல.”

பாடகி அப்படியே சொன்னார். தூரத்தில், பாட்டு ஏன் நின்றது என்றே தெரியாத மனிதர்கள் முணுமுணுத்தபடி திரும்பி நடந்தார்கள். அந்த இளக்கம் வரிசை வரிசையாக முன்னால் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்ந்ததும் பேக்கரிக்காரர் முழங்காலில் சரிந்தார். அவர் காலடியில் ஒரு பெண் கிடந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மூச்சு பேச்சில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. பேக்கரிக்காரருக்கு விலா. யாரும் சாகவில்லை.

6

யாரும் சாகாத கதையை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியாது. பத்திரிகைகளுக்குத் தெரிந்திருந்தது: ‘பாடகியின் சமயோசிதம்.’

மருந்துக்கடைப் பெண்ணின் அப்பா விழா நடத்தியவர்கள்மேல் வழக்குப் போட்டார். நடத்தியவர்களின் வக்கீல் சொன்ன பதில்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. தடுப்பு எடுத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். மைக்கில் ‘கீழ ஒரு பொண்ணு இருக்கா’ என்று கேட்டதும் பீதி கிளம்பியதாம். அந்தப் பீதியில்தான் அவள் விழுந்தாளாம். பேக்கரிக்காரர் அப்படியொன்றைச் சொல்லவே இல்லை, மொழிபெயர்ப்பாளர் தானாகச் சேர்த்தது என்பது அவர் வாதம்.

அவள் எப்போது விழுந்தாள்? அறிவிப்புக்கு முன்னாலா, பின்னாலா? அவளையே கேட்டார்கள். “விழுந்தது ஞாபகம் இருக்கு. பாட்டு ஓடிட்டு இருந்துச்சா நின்னுடுச்சான்னு ஞாபகம் இல்ல,” என்றாள்.

வக்கீல் மொழிபெயர்ப்பாளரைக் கூண்டில் கேட்டார்.

“அவருக்கு ஒரு கைதான வெளிய இருந்துச்சு?”

“ஒரு கை போதும்.”

“எப்படிச் சொன்னார்? செஞ்சு காட்டுங்க.”

அவர் வலது கையைத் தூக்கினார். கை அப்படியே நின்றுவிட்டது. “என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கு. எப்படிச் சொன்னார்னு ஞாபகம் இல்ல,” என்றார்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நேற்று உங்கள் அண்ணன் தொலைபேசியில் சொன்ன சேதி ஞாபகம் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லச் சொன்னால்?

7

என்னிடம் மூன்று வழி இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் சேர்த்தார் என்று எழுதலாம். ஒரு ஆளுக்கு மூச்சு முட்டுகிறது என்றால் பாட்டு நிற்காது, அடியில் ஒரு பெண் என்றால் நிற்கும் என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றியிருக்கலாம். கதாசிரியனாக இது எனக்குப் பிடித்த வழி. நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். என்னை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஆனால் இப்படி எழுதினால் அந்த வக்கீலுக்கு நான் சம்பளமில்லாத குமாஸ்தா.

பேக்கரிக்காரர் சொன்னார் என்று எழுதலாம். பலகைத் தரையில் யாரோ அடிப்பதை அவர் உள்ளங்கால் முதலில் கேட்டது என்று ஒரு வரி...

(அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

மூன்றாவது வழி, பேக்கரிக்காரரையே போய்க் கேட்பது. அவர் சாட்சி சொல்ல அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். சாட்சியைப் போய்ப் பார்ப்பது சரியில்லைதான். குறுகுறுப்பு யாரை விட்டது?

8

பேக்கரியில் அவர் மனைவி கல்லாவில் இருந்தார், காது கேட்பவர். நான் விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கணவரைக் கூட்டிவந்தார். பேக்கரிக்காரர் மேல்துணியில் கையைத் துடைத்தபடி வந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

கீழே ஒரு பெண் இருக்கிறாள் என்று நீங்கள்தான் சொன்னீர்களா என்று கேட்டேன். மனைவி அதைக் கைகளுக்கு மாற்றினார்.

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். கைகள் நெஞ்சுக்குப் போயின, விரிந்தன, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடங்கினார். மனைவிக்கு மூக்கு சிவந்துவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் பன் வாங்காமலே நின்று பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் கைகள் மடிக்கு இறங்கின.

“ஆமாங்கறார்,” என்றார் மனைவி.

“இவ்வளவு நேரம் சொன்னாரே?”

“மிச்சம் எனக்குச் சொன்னது.”

நான் நோட்டை மூடினேன்.

“நீங்க என்னன்னு எழுதப்போறீங்க?” என்று மனைவியே கேட்டார்.

“முடிவ மட்டும் படிக்கறவங்ககிட்ட விட்டுடலாம்னு இருக்கேங்க.”

மனைவி அதைக் கணவரிடம் சொன்னார். பேக்கரிக்காரர் ஒரு கையை மட்டும் எடுத்து, சின்னதாக ஏதோ சொன்னார்.

“எல்லாரும் அடுத்த ஆள்கிட்டத்தான் விடறாங்கங்கறார்,” என்றார் மனைவி.

அது அவர் சொன்னதா, அந்த அம்மா சேர்த்ததா என்று நான் கேட்கவில்லை.