ஒரு புள்ளி சிவப்பு

போட்டோ கடையில் அவருக்கு மஞ்சளார் என்று பெயர். பழைய பிரிண்டர் எந்தப் படத்தையும் நீலம் பாய்ச்சித்தான் துப்பும். அதைச் சமாளிக்க, படம் திரையில் வந்ததுமே அவருடைய இடது கை ஒரு விசையைத் தேடிப் போய் மஞ்சளை இரண்டு புள்ளி கூட்டிவிடும். சோற்றை வாயில் வைக்கும் முன்பே உப்புக்குக் கை நீட்டுகிறவர்கள் இல்லையா, அந்த ரகம். பல வருஷப் பழக்கத்தில் கைக்கு அது குணமாகவே ஆகிவிட்டது.

முதலாளி ஒருநாள் புதுப் பிரிண்டரும் புது சாஃப்ட்வேரும் கொண்டுவந்து இறக்கினார். பழையதை அன்றைக்கே காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார். புதியதில் மஞ்சளுக்குத் தனி விசை கிடையாது. திரையின் ஓரத்தில் எட்டுப் பட்டைகள், ஒவ்வொன்றையும் தட்டினால் உள்ளே இன்னும் எட்டு. மஞ்சளார் தேடிப் பிடித்து, வழக்கம்போல இரண்டு புள்ளி கூட்டினார். பள்ளிக்கூட குரூப் போட்டோ வெளியே வந்தது. ஒரு வகுப்பு முழுவதற்கும் காமாலை. மறுபடி போட்டதில் நிறம் ஓரளவு தேறியது, ஆனால் ஏதோ பட்டையில் கை பட்டு, நின்றிருந்த தலைமை ஆசிரியருக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

முதலாளி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யோவ், நம்ம பெரிய கடையில அக்கா இருக்காங்க. இதே சாஃப்ட்வேர்தான். கரைச்சுக் குடிச்சிருக்காங்க. நாளைக்குப் போய்க் கத்துக்க. மத்தியானம் நான் வருவேன். என் கண்ணு முன்னாடி இதே படத்தைப் போட்டுக் காட்டணும். வரலைன்னா, நீ கவுன்டர்ல நின்னு பாஸ்போர்ட் போட்டோ வெட்டு. இந்த நாற்காலிக்கு வேற ஆள் பாக்குறேன்."

கவுன்டரில் நிற்பது என்றால் சம்பளமும் குறையும், பேரும் குறையும். இரண்டாவதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

காலையில் கிளம்பும்போது மனைவி கேட்டாள்: "என்னங்க, சிலேட்டு பல்பம் எடுத்துக்கிட்டீங்களா?"

"வாயை மூடு."

"வகுப்புல தூங்கிராதீங்க."

பெரிய கடை அக்கா அவரைப் பார்த்ததும் ஒரு கட்டுப் படங்களை நீட்டினாள். "வாங்க தம்பி. முதல்ல இதையெல்லாம் ஓரம் வெட்டிக் குடுங்க." வெட்டினார். "டீ வாங்கிட்டு வந்துருங்களேன்." வாங்கி வந்தார். "கண்ணாடியைக் கொஞ்சம் துடைங்க." துடைத்தார். புது சாஃப்ட்வேர் இருந்த திரைமேல் துணி போர்த்தியிருந்தது. துணிமேல் தூசி.

"அக்கா, எப்பதான் சொல்லித் தருவீங்க?"

"அவசரப்பட்டா வித்தை வராது" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்டூடியோ அறைக்குள் போனாள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று தொடங்கி, இருமி, நின்று, மறுபடி கரகரவென்றது. மஞ்சளாருக்குப் பதினாறு வருஷம் கேட்ட சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் தெரியும். உள்ளே போய், ஆட்களை உட்காரவைத்துப் படமெடுக்கும் நீலத் திரைச்சீலையை விலக்கினார். பின்னால் பழைய கம்ப்யூட்டர், பழைய பிரிண்டர். முக்காலியில் அக்கா.

"இதைத்தான் கரைச்சுக் குடிச்சீங்களா?"

அக்கா அசரவில்லை. "கதவைச் சாத்துங்க. நான் காயலான் கடைக்காரன்கிட்ட குடுத்தது வெறும் டப்பா. உங்ககிட்ட இருந்ததை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"நான் நேர்மையா குடுத்துத் தொலைச்சிட்டேன்."

"அதான் இந்த நிலைமை."

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. இனி மானம் ரோஷம் பார்க்க நேரமில்லை. இருவரும் துணியை உதறிவிட்டுப் புதுத் திரையின் முன் உட்கார்ந்தார்கள். பென் டிரைவில் கொண்டுவந்திருந்த குரூப் போட்டோவைத் திறந்தார்கள். மஞ்சளார் மஞ்சளைக் கூட்டினார். பிள்ளைகளுக்குக் காமாலை திரும்பியது. "தள்ளுங்க" என்றாள் அக்கா. அவளுடைய பழைய பிரிண்டர் சிவப்பு கக்குகிற ஜாதி. அதனால் அவள் கை எப்போதும் சிவப்பைக் குறைக்கும். குறைத்துப் பிரிண்ட் போட்டாள். பிள்ளைகள் பச்சையானார்கள்.

"காமாலையே தேவலை" என்றார் மஞ்சளார்.

"உங்க மூஞ்சி."

வாசலில் முதலாளியின் வண்டி வந்து நின்றது. அக்கா பச்சைப் படத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்தாள். மஞ்சளார் திரையில் இருந்ததையெல்லாம் மூடிவிட்டு, படத்தை மறுபடி திறந்து, எதையும் தொட நேரமில்லாமல் பிரிண்ட் பொத்தானை அழுத்தினார்.

படம் வந்தது. பிள்ளைகள் பிள்ளைகள் நிறத்தில் இருந்தார்கள். தலைமை ஆசிரியருக்குத் தலை இருந்தது. மீசையில் ஒற்றை நரை முடிகூடத் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்படுகிற முகங்கள் இல்லை அவை. சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொள்கிறது. கைவைத்தால்தான் கெடுகிறது. அப்படியென்றால் இந்த நாற்காலியில் முதலாளி வீட்டுப் பூனைகூட உட்காரலாம்.

முதலாளி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட! என்னய்யா சரி பண்ணின?"

மஞ்சளார் வாய் தானாகத் திறந்தது. "மஞ்..."

"சிவப்பு" என்றாள் அக்கா. "ஒரு புள்ளி கூட இருந்துச்சு. எடுத்தார். நல்லாப் பிடிச்சுக்கிட்டார், முதலாளி."

"அதானே பார்த்தேன். சும்மாவா இவ்வளவு தெளிவு வரும்?"

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மஞ்சளாருக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. "இன்னும் ஒரு புள்ளி எடுத்தா எங்கயோ போயிரும்" என்றார்.

"அப்ப எடு" என்றார் முதலாளி, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று.

அக்கா பல்லைக் கடித்தாள். பேப்பர் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, திரைக்கும் முதலாளிக்கும் குறுக்கே தூசி தட்ட ஆரம்பித்தாள். மஞ்சளார் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, திரையில் ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்து மவுஸை நாலு முறை தட்டினார். கண்ணைச் சுருக்கினார். உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு தட்டு. பிறகு பிரிண்டை அழுத்தினார்.

அச்சு அசலாக அதே படம்.

முதலாளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மஞ்சளாருக்குக் கவுன்டரும் கத்தரிக்கோலும் கண்ணில் தெரிந்தன.

"பார்த்தியா? முதல்ல போட்டதுல எல்லாரும் வெயில்ல நின்ன மாதிரி ஒரு செவசெவப்பு. இதுலதான் மூஞ்சிக்கு மூஞ்சி தெரியுது." முதல் படத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். "மெஷின் ஆயிரம் வாங்கலாம். இதுக்கெல்லாம் ஆளுக்குக் கண்ணு இருக்கணும்."

"அதெல்லாம் பிறவியிலயே வரணும் முதலாளி" என்றாள் அக்கா.

"மிச்சத்தையும் இதே மாதிரி போட்டு முடிச்சிட்டு வா. நாளையிலேருந்து உன் கடையில உன் நாற்காலியிலயே உட்காரு."

அவர் போனதும் மஞ்சளார் அடுத்த படத்தைத் திறந்தார். இடது கை கிளம்பியது. அதைப் பிடித்துத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டு, வலது கையால் பிரிண்டை அழுத்தினார்.