பிடியின் பருமன்

எங்கள் வீட்டைத் தெருவில் ‘நூல் வீடு’ என்றுதான் சொல்வார்கள். நாங்கள் இழுக்கும் கோடு அவ்வளவு நேர். அப்பா பேருந்துகளுக்கு எண் எழுதியவர். கையை வண்டியில் ஊன்றாமல், மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுவார். நான் முப்பத்தொரு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தேன். என் தங்கை பச்சை குத்துகிறாள். அந்தத் தொழிலை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பேருந்தில், எனக்கு முன் நின்ற யாரோ ஒருவரின் பின்கழுத்தில் ஒரு கோடு பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். அவர் சொன்ன கடை என் தங்கையுடையது. அன்று மாலையே அங்கே போய் முன்னறை நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

கடைக்குச் சாமான் வரவழைப்பது என் பொறுப்பு. பச்சை குத்தும் மெஷினில் ஊசி வெறுமனே நிற்காது. ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இறங்கி, அதன் நுனியில் எட்டிப் பார்க்கும். குழாயின் நடுவே விரல் பற்றுகிற இடம் பருத்திருக்கும், அதுதான் பிடி. ஓர் ஆளுக்கு ஒன்று, வேலை முடிந்தால் குப்பைக்கு. ஊசிக்குத் தக்க நுனி அமையாவிட்டால் ஊசி உள்ளே ஆட்டங்கண்ட பல் மாதிரி ஆடும். பிடியிலும் பருமன் பல உண்டு. பத்தொன்பது மில்லிமீட்டர் பிடி தூரிகை போல ஒயிலாக இருக்கும். முப்பது மில்லிமீட்டர் பிடியைப் பார்த்தால் எனக்குக் கைத்தடிதான் நினைவுக்கு வரும்.

“அண்ணா, இந்தத் தடவை தடிசா வாங்குங்க. முப்பது” என்றாள் தங்கை.

“எதுக்குப் பாப்பா?” ஐம்பத்து மூன்று வயதானாலும் அவள் எனக்குப் பாப்பாதான்.

“கட்டைவிரல் அடியில வலி. மெல்லிசைப் பிடிச்சா கை தன்னால துள்ளுது.”

“துள்ளுதா? நம்ம வீட்டுக் கையா?”

“வீட்டுக் கை இல்ல. என் கை.”

“சரி, மெதுவாப் பேசு” என்றேன். கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

வியாழக்கிழமை நீச்சல் டீச்சர் வருவதாக இருந்தது. இருபது வருடம் நீச்சல் குளத்தில் தோளடி வரை நனைந்தபடியே நின்று பிள்ளைகளை மிதக்க வைத்தவர். வேலையை விடுகிறார். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை, காறையெலும்பின் கீழே, ஒரே ஒரு கோடு வேண்டும் என்று கேட்டிருந்தார். “நான் நிக்கும்போது தண்ணி எனக்கு எது வரைக்கும் வருமோ, அந்தக் கோடு. வேற ஒண்ணும் வேணாம்” என்றார். பூவோ இலையோ என்றால் சிறு பிசகை மறைத்துவிடலாம். ஒற்றைக் கோட்டில் எதை மறைப்பது?

“அது தப்பாப் போச்சுன்னா ஊசியைக் கீழ வெச்சிடுவேண்ணா. நிஜமாத்தான் சொல்றேன்” என்றாள் தங்கை.

நான் முப்பது வாங்கவில்லை. நீச்சல் டீச்சர் மேசைமேல் ஒரு கைத்தடியைப் பார்த்து, நூல் வீட்டுக் கை தளர்ந்துவிட்டது என்று நாலு பேரிடம் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பத்தொன்பதில் ஒரு பெட்டி வரவழைத்தேன். நாற்பது குழாய். அப்பாவின் தூரிகைக் காம்பில் விரல் அமரும் இடத்தில் ஓர் இடுப்பு இருக்கும். அதேபோல் இவற்றிலும் செதுக்கிவிட்டால் பாப்பாவின் விரல் தானாகப் படிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு மதியம் கடை மூடியிருந்தது. நீலத் திரை காற்றில் உள்ளே வந்து வெளியே போனது. மேசையில் இருந்த தண்ணீர்க் கிண்ணம் கூரையில் ஒரு வெளிச்ச வட்டத்தை வீசி ஆட்டிக்கொண்டிருந்தது. பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்தேன். வெள்ளைத் தூள் மடியில் உதிர்ந்தது. எல்லாவற்றையும் கழுவித் தட்டில் நிறுத்திய பிறகு எப்போது கண் சொருகியது என்று தெரியாது. பேருந்துகள் சத்தமில்லாமல் தண்ணீரில் மிதந்து போயின. அப்பா மார்பளவு தண்ணீரில் நின்று, கடந்துபோகும் ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். எண்கள் ஈரம் காயாமல் கரையிலிருந்த என்னிடம் வந்தன. எல்லாம் ஒரே எண். விழித்தபோது முப்பத்தொன்பது குழாய்கள் தட்டில் நாணல் புதர்போல நின்றன. கடைசி ஒன்றை மட்டும் மாதிரிக்காகப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை தங்கை வந்து தட்டைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

“அண்ணா, இதெல்லாம் பிரிச்சது யாரு?”

“எடுத்துப் பிடிச்சுப் பாரு. அப்பா தூரிகை மாதிரியே இருக்கும்.”

“கிருமி நீக்கி மூடின பாக்கெட்டு. பிரிச்சா உடனே குத்தணும், இல்ல தூக்கிப் போடணும். நீங்க கத்தியால சீவி வெச்சிருக்கீங்க!”

“சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்.”

“சோப்பா!” அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“உன் கிருமி கொல்ற ஆவிப்பெட்டி இருக்கே. அதுல வெச்சு எடுத்தா?”

“அது இரும்புக்கு. வெச்சுப் பாருங்க, உங்களுக்கும் திருப்தியா இருக்கட்டும்.”

வைத்தேன். திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. முப்பத்தொன்பதும் குழைந்து, தலை கவிழ்ந்து, வாடிய தாமரைத் தண்டுகள்போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தங்கை எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நூல் வீட்டுப் பெரியவர் செஞ்ச வேலையைப் பாருங்க! ஒண்ணாவது நேரா இருக்கா?”

நான் சிரிக்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அவள் கட்டைவிரலை மற்றொரு கையால் பொத்திக்கொண்டாள். வியாழனுக்குள் புதுப் பெட்டி வராது என்று இருவருக்கும் தெரியும். அலமாரியில் போன மாதத்து இருபத்தைந்து மில்லிமீட்டர் பிடி ஆறு பிரிக்காமல் கிடந்தது. அதுவும் அவள் கைக்குப் பற்றாது.

“வெளிப்பக்கம் சுத்தலாம்” என்றாள் மெல்ல. “தன்னாலயே ஒட்டிக்கிற பட்டித் துணி இருக்கு. கிளவுஸ் போட்டுட்டு, பாக்கெட்டைப் பிரிச்ச உடனே சுத்தணும். நுனிப் பக்கம் போகவே கூடாது. எத்தனை சுத்துன்னு மட்டும் யார் தோல்லயாவது பார்த்தாத்தான் தெரியும்.”

எங்கள் வீட்டுத் தோலில் ஊசி படாது என்று ஒரு காலத்தில் பத்துப் பேர் முன்னால் சொன்னவன் நான். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினேன்.

“என்னண்ணா பண்றீங்க?”

“முதல்ல மெல்லிசுல போடு. அந்த நாற்பதாவதுல. அப்பா மகளுக்கு வராதுன்னா நானே கண்ணால பார்க்கணும்.”

“வீம்பு” என்றாள். ஆனால் கிளவுஸ் மாட்டினாள்.

மெஷின் ரீங்காரம் எழும்பியது. வலி என்று சொல்ல முடியாது. தூரத்தில் யாரோ என் பெயரை விடாமல் முணுமுணுப்பதுபோல இருந்தது. கோடு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் புறப்பட்டது. பாதி வழியில் துள்ளியது. மறுபடி துள்ளியது. அவள் கண்ணில் நீர் கட்டியது, ஆனால் நிறுத்தவில்லை. முழங்கையில் முடித்தாள். நடுங்கிய கோடு. என் தோலில், எங்கள் வீட்டுக் கை.

நானும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு எழுந்தேன். இருபத்தைந்தில் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி நானே பட்டித் துணியைச் சுற்றினேன். நாலு சுற்றில் “போதாது” என்றாள். ஆறில் “இன்னும் ஒண்ணு” என்றாள். ஏழாவதில் அவள் விரல்கள் அதன்மேல் தானாகப் படிந்தன. முதல் கோட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி இரண்டாவது கோடு போட்டாள். நூல் பிடித்த மாதிரி.

வியாழக்கிழமை நீச்சல் டீச்சர் வந்தார். பட்டி சுற்றிய பிடியைப் பார்த்ததும், “என்னங்க இது, இவ்வளவு தடியா?” என்றார்.

புது மாடல் என்று சொல்லலாம் என மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் வரவில்லை. சட்டைக் கையைச் சுருட்டினேன்.

“என் தங்கச்சிக்குக் கட்டைவிரல்ல வலி. மெல்லிசைப் பிடிச்சா இது. தடிசைப் பிடிச்சா இது. நல்லாப் பார்த்துட்டு, மனசுக்குச் சரின்னா உட்காருங்க.”

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீச்சல் டீச்சர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, நடுங்கிய கோட்டுக்கு மேலே, தொடாமல், விரலை நகர்த்தினார்.

“இதுதாங்க தண்ணி. தண்ணி என்னைக்குங்க நேரா நின்னுருக்கு? இதே மாதிரி போடுங்க.”

 தங்கை கிளவுஸை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

“போடறேன் டீச்சர். ஆனா தடிசுலதான் போடுவேன். அலை நான் சொன்ன இடத்துல எழும்பணும், என் வலி சொன்ன இடத்துல இல்ல.”

நீலத் திரை உள்ளே வந்து வெளியே போனது. கிண்ணத்து வெளிச்சம் கூரையில் ஆடியது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்தாள், பிறகு குனிந்து தோளில் தொடங்கினாள். கோடு கழுத்தடியில் லேசாக எழும்பி, அடங்கி, மறு தோளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓரிடத்திலும் துள்ளவில்லை. நான் கண்ணாடியைப் பிடித்தேன். நீச்சல் டீச்சர் கண்ணாடியில் பார்த்தபடியே தாடையைச் சற்று உயர்த்தினார், தண்ணீர் வாய்க்குள் போய்விடக் கூடாது என்பதுபோல.

அவர் போனதும் முப்பது மில்லிமீட்டரில் இரண்டு பெட்டிக்கு எழுதிப் போட்டேன். அதற்குப் பின் நான் அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன். “என்ன பெரியவரே, இந்த வயசுல?” என்று தெருவில் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்தே காட்டுவேன்.

“எங்க வீட்டுக் கோடு” என்பேன்.