தண்ணீர் மட்டத்திலிருந்து

தண்ணீரையே இன்னும் பார்க்காத நீச்சல் குளத்தைச் சுற்றி அன்று காலை ஐந்து பேர் இருந்தார்கள். மேற்கு விளிம்பை ஒட்டிச் சக்கர நாற்காலியில் கோச். அந்த நாற்காலி தன்னால் உருண்டு குழிக்குள் போய்விடும் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி, அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி. எதிர் விளிம்பில் கால்களை உள்ளே தொங்கப்போட்டபடி மகள். கொல்லையில் நிழல் விழுகிற ஒரே இடத்தை முதலிலேயே வந்து பிடித்துக்கொண்டு கோச்சின் தங்கை. மேஸ்திரியை உட்கார்ந்தவர்களில் சேர்க்க முடியாது. சிமெண்ட் மூட்டைமேல் பாதி குந்தியும் பாதி எழுந்துமாக இருந்தார். அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடந்தது.

குளம் பெரியதல்ல. அதன் ஒரு ஓரத்தில் மட்டும், தண்ணீருக்குள் ஒருவர் சாய்ந்து படுத்திருக்கிற மாதிரி ஒரு திட்டு வர வேண்டும். சுவர் எழும்பிவிட்டது, கம்பி கட்டியாகிவிட்டது. திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

"கான்கிரீட் போட்டாச்சுன்னா போட்டதுதான். அப்புறம் ஏத்து, இறக்குன்னு சொன்னா என்னால ஆகாது. போன தடவை ஒரு வீட்டுல வாய்ப்பேச்சை நம்பி மாட்டிக்கிட்டேன். எங்க ஆபீசுக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி அனுப்பிடுங்க. அது வந்தாத்தான் கலவை" என்றார் மேஸ்திரி.

"ஆறு அங்குலம்" என்றாள் மகள். "சும்மா சாய்ஞ்சுக்கத்தானே."

"ஆறு அங்குலத்துல படுக்க நான் என்ன கொசு முட்டையா?" என்றார் கோச்.

அவருடைய தங்கை சிரிக்கவில்லை. "ஆறு எதுக்கு? ஒரு பக்கெட் தண்ணியைத் தலையில ஊத்திட்டுப் போனா முடிஞ்சது. இந்த வயசுல இவருக்குக் குளம் கேக்குது."

கோச் கைகால் நன்றாக இருந்தவரை ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடது பக்கம் விழுந்துபோனபோது வாய் மட்டும் தப்பித்துக்கொண்டது. இத்தனை நாள் எல்லா உறுப்புக்கும் சேர்த்து அதுதான் உழைக்கிறது என்று மனைவி நினைத்துக்கொள்வாள். அவள் பள்ளி அலுவலகத்தில் கடிதம் எழுதி எழுதியே ஓய்வுபெற்றவள். தேதி, பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். அவளுக்கு நீச்சல் தெரியாது. நாத்தனார் அதை எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தவறியதில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் அவளைத் தண்ணீரில் இறக்கினார். முதுகுக்கடியில் கையை வைத்து, மேலே பார், மூச்சை விடு, நான் இருக்கேன் என்றார். அவளும் மேலே பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளிடமும் செய்வதையே அவளிடமும் செய்தார். சொல்லாமல் கையை எடுத்துவிட்டார். மூக்கு, தொண்டை, காது என்று எல்லா வழியிலும் தண்ணீர் ஏறி அவள் எழுந்தபோது அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். "மிதந்தே! நாலு நொடி மிதந்தே!" அவளுக்கு அந்த நாலு நொடி நினைவில் இல்லை. அந்தக் கை இல்லாமல் போனது மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவள் குளக்கரையில் துண்டும் செருப்பும் காத்தாளே தவிர, உள்ளே இறங்கவில்லை.

வாயால் பேசித் தீராது என்று மகள் அடுத்த வீட்டிலிருந்து குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த தொட்டியை வாங்கிவந்து தரையில் பரப்பினாள். குழாயைத் திறந்துவிட்டு, உள்சுவரில் அளவு டேப்பை ஒட்டினாள். மேஸ்திரி ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிடித்துக் கோச்சை அதில் கிடத்தினார்கள். மனைவி முழங்கால் போட்டுத் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து, அவர் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்தாள்.

ஆறு அங்குலத்தில் அவர் ஈரத்துணிமேல் படுத்த மாதிரி கிடந்தார். ஒன்பதில் தோள் லேசானது. இடுப்பும் குதிகாலும் தரையைவிட்டு வரவில்லை. "இன்னும்" என்றார். பத்து. "இன்னும்." பன்னிரண்டைத் தொட்டபோது, இரண்டு பேர் தூக்கி வைத்தால்தான் நகரும் அந்த இடது கால் மெல்ல மேலே வந்தது. கட்டைவிரல் முதலில் தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. யாரும் தொடவில்லை. கால் தன்பாட்டுக்கு வலது பக்கம் போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது.

"பாரு" என்றார் கோச். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. "கையை எடு."

"எடுக்கப் போறேன்" என்றாள். "இப்ப எடுக்கறேன். எடுத்துட்டேன்."

அவர் மிதந்தார். காதுகள் தண்ணீருக்குள் போயின, கண் மூடிக்கொண்டது. அவள் "என்னங்க" என்றாள். பதில் இல்லை. "என்னங்க!" முகத்தில் ஒரு சலனமும் இல்லை, வாயோரத்தில் தண்ணீர் ஏறி இறங்கியது. அடுத்த கணம் அவள் கட்டிய புடவையோடு தொட்டிக்குள் விழுந்து அவர் தலையை மார்போடு இழுத்திருந்தாள்.

"அடிப்பாவி! நல்லா இருந்தேனே!" என்று துப்பினார் அவர். "காது உள்ள இருந்தா எப்படிம்மா கேக்கும்?"

நாத்தனார் எழுந்தே விட்டாள். "கோச்சு பொண்டாட்டி ஒரு வழியாத் தண்ணியில இறங்கிட்டா. எழுதி வைங்க."

உலர்ந்த உடை எடுக்க மகள் அவளோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நாளைக்கு நான் போயிடுவேன். வீட்ல நீங்க ரெண்டு பேர்தான். அவர் புரண்டுட்டா உன்னால தூக்க முடியுமா? இப்ப பதறின மாதிரி பதறிட்டு நிப்பே. அப்பா பன்னிரண்டுன்னு பிடிவாதம் பிடிக்கறார். ஆனா எழுதப் போறது நீதானே."

"எழுதறது நான்தான்" என்றாள் அம்மா.

அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்பதுபோல மேஸ்திரி வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டார். "எழுதும்போது ஒண்ணு சேத்துக்குங்கம்மா. நாங்க ஆழம்னா விளிம்புலேருந்துதான் டேப்பை இறக்குவோம். தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்காது, நாலு அங்குலம் கீழதான். பன்னிரண்டுன்னு மொட்டையா வந்தா பசங்க விளிம்புலேருந்து போட்டுடுவாங்க, தண்ணி எட்டுதான் இருக்கும். தண்ணி மட்டத்துலேருந்து வேணும்னா அதை எழுதிடுங்க."

"எழுதலைன்னா?"

"எங்க வழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சமையலறை மேசையில் தாளை விரித்து, தேதியும் முகவரியும் எழுதினாள். பொருள்: குளத்தில் அமைக்கும் திட்டின் ஆழம் குறித்து. அதுவரை கை தடையில்லாமல் ஓடியது. பன்னிரண்டு அங்குலம் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் போதும். ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் கேட்ட எண்ணே அவர் கண்முன் இருக்கும். தண்ணீர் நிரப்பும் நாளில் எட்டுதான் நிற்கும். கொத்தனார்களைத் திட்டுவார், கொஞ்ச நாளில் திட்டுவதும் அலுத்துப்போகும். இடுப்பு தரையில் இருக்கும், காது வெளியே இருக்கும். அவள் கூப்பிட்டால் கேட்கும். ராத்திரி அவளும் தூங்கலாம். அந்தக் கால் மட்டும் எழும்பாது. அதை ஒரு தடவை பார்த்தாயிற்றே, போதாதா?

ஜன்னல் வழியே பார்த்தாள். கோச் நாற்காலியிலிருந்து குனிந்து, நல்ல கையால் தொட்டித் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தார். அது ஒரு வெறும் கை. முதுகுக்கடியில் எத்தனையோ பேருக்கு இருந்து, சொல்லாமல் போன கை. அவர் அப்படிச் செய்தது அவளுக்கு நல்லது என்று நம்பித்தான். இப்போது தாள்மேல் இருக்கிற தன் கையும் அதையேதான் நம்புகிறது என்று அவளுக்குத் தோன்றியது. பேனா மை காய்ந்துவிட, உதறி மறுபடி எழுத வேண்டியிருந்தது.

எழுதி முடித்துத் தாளையும் உறையையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மகளும் நாத்தனாரும் டீயோடு நின்றிருந்தார்கள்.

"படிக்கறேன், கேளுங்க" என்றாள். "திட்டின் ஆழம் தண்ணீர் மட்டத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம். விளிம்பிலிருந்து பதினாறு. இரண்டு எண்களும் சரிபார்க்கப்பட்டன."

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அம்மா..."

"இன்னும் இருக்கு. திட்டின் அகலம் மூன்றடி என்று பேசியிருந்தோம். அதை ஆறடியாக மாற்றவும். சுவரோரம் நெடுகக் கைப்பிடிக் கம்பி வைக்கவும்."

"ஆறடியா?" என்றார் கோச். "நான் ஒருத்தன் படுக்கறதுக்கா?"

"நான் எங்க படுக்கறதாம்?"

கோச் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். நாத்தனார்கூட எதையோ சொல்ல வந்து டீயைக் குடித்தாள்.

"என் கிளாசுக்கு ஃபீஸ் உண்டு" என்றார் கடைசியில்.

"முதல் நாளே சொல்லாம கையை விட்ட வாத்தியாருக்கு ஃபீஸ் வேறயா?"

அவர் வாய் ஓய்ந்து அவள் பார்த்தது அன்றுதான். நல்ல கையை நீட்டிப் பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் கோணல் மாணலாகப் போட்டார். அவள் தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டாள். வெயிலில் நெளிந்துகொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு அங்குலத் தண்ணீரில் விரலை நனைத்துப் பசையின்மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவினாள், அழுத்தி ஒட்டினாள். தெருமுனைத் தபால் பெட்டியின் வாயில் உறையைப் பாதி நுழைத்தபோதும் ஒட்டிய இடம் ஈரமாகத்தான் இருந்தது. ஒரு கணம் பிடித்திருந்தாள்.

"விடப் போறேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, விட்டாள்.