மணவாளன் வேண்டுதல்

மணவாளன் முதலாளி, மகனுக்கு டாக்டர் சீட்டு கிடைத்தால் செருப்பில்லாமல் ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி வருவதாக வேண்டியிருந்தார். சீட்டு கிடைத்தது. அவருக்கோ முட்டிவலி. பண்டசோழநல்லூரில் அவர் கரும்பை வெட்டுகிற என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

"எனக்குப் பதிலா நீ நட, அய்யனாரு. நான் ஆட்டோவுல பின்னாடியே வர்றேன்."

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர், குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். மத்தியான வெயிலில் தெரு காய்ந்த தோசைக்கல்லாகச் சுட்டது. என் மகள் விஜயராணி பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்தாள். வடக்கு வீதியில் திரும்பும்போது கோபுரத்தைப் பார்த்து, அவளைப் பிழைக்க வை என்று முணுமுணுத்தேன்.

ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னாடா வாய் அசையுது?"

"பொண்ணுக்காவ வேண்டிக்கினேன் மொதலாளி."

"காலுதான் உன்னுது, நடை என்னுது. அதுல உன் வூட்டு சமாச்சாரத்த சொருவுவியா? போ, மொதல்லேருந்து வா."

"பாவம் சார், பெருமாளு ரெண்டு பேருதையும் கேப்பாரு" என்றார் ஆட்டோக்காரர்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

மறுபடி முதலிலிருந்து, வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தேன். உள்ளங்கால் கொப்புளங்கள் உடைந்தன. சுற்றி முடித்துத் தெற்கு கோபுரத்தடியில் உட்காரப் போனபோது முதலாளி கேட்டார்.

"மனசுலயும் நெனைக்கலதான? உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

பொய்ச் சத்தியம் அவள் தலையில்தான் விழும்.

"நெனச்சேன் மொதலாளி" என்றேன்.

அவர் அடுத்த சுற்றுக்கு ஆட்டோவை மறுபடி கிளப்பச் சொன்னார்.